முக்காடு வரை எழுந்த கை

கேளம்பாக்கம்
11.6.2006

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் என்று எழுதிவிட்டு, இனிமேல் அண்ணன் என்றுதான் எழுத வேண்டுமோ என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடிக்க மனசு வரவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சிட்லபாக்கத்தில் உங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கு முழுதாக விளங்கியிருக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் உதட்டைப் பார்ப்பது என்று தெரியாமல் நீங்கள் முகம் முகமாகத் திரும்பியதை நான் சமையலறைக் கதவிடுக்கில் இருந்து பார்த்தேன். கடைசியில் சலித்துப்போய் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். அதனால் காது கேட்கிற நான், கேட்டதை எழுதுகிறேன். செல்லில் மெசேஜ் அனுப்பலாம் என்றால் அதில் தமிழ் இல்லை. என் இங்கிலீஷில் இவ்வளவு துக்கத்தைச் சொல்ல வராது.

நமக்கு நிச்சயம் வைக்க நாள் குறிக்கத்தான் வந்தோம். உங்கள் அத்தா காஜா மாமா, "நோன்பு முடிஞ்சு ஷவ்வால்ல வச்சுக்கலாம், எம் மக ரூக்சார் கல்யாணத்தோட சேத்து" என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் தலையாட்டினார். அப்போது என் அம்மா எழுந்து, "இந்தக் கல்யாணம் ஆகாது" என்றார்கள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "ஜாகிர் கைக்குழந்தையா இருந்தப்ப மதினி டைபாய்டுல கெடந்தாங்க. அப்ப என் மடியில மூத்தவன் அக்தர் இருந்தான். ரெண்டு பேருக்கும் நான்தான் பால் குடுத்தேன். ஜாகிர் எங்கிட்ட பால் குடிச்ச புள்ள."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று மாமா கேட்டார். மறந்துவிட்டது என்றார்கள். ஹஜ்ரத், ஒரு வாய் குடித்திருந்தாலும் குடித்ததுதான், ஒரே பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது என்று சொல்லிவிட்டார். இல்லை என்று சொல்ல உங்கள் அம்மா உயிரோடு இல்லை. இவ்வளவுதான் நடந்தது. இதைத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினார்கள்.

ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? நேற்று நான் பேப்பரை எடுத்ததும் "யாருக்குடி லெட்டர்?" என்று அம்மா கேட்டார்கள். "எங்க அண்ணனுக்கு" என்றேன். அண்ணனுக்குத் தங்கை எழுதக் கூடாது என்று யார் சொல்வார்கள்? ஸ்டாம்புக்குக் காசும் அவர்களிடமே வாங்கிக்கொண்டேன்.

சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். நான் சிரிக்கவில்லை.

ஃபஹீமா


சிட்லபாக்கம்
20.6.2006

ஃபஹீமா,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீ எழுதியதற்கு நன்றி. அத்தாவிடம் கேட்டால் "ஆகாதுன்னு ஆயிடுச்சி, விடு" என்று கையை விரித்துக் காட்டுவார். ரூக்சார் அழுதுவிட்டு ஓடிவிடுவாள். உன் கடிதம் வரும்வரை, எனக்கு ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது, அதைத்தான் மறைக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமி சொன்னது பொய்.

கோபத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு நான் டீத்தட்டோடு உள்ளே வந்தேன் அல்லவா? என்னைப் பார்த்ததும் மாமியின் வலது கை முக்காட்டை இழுத்துவிட எழுந்தது. எனக்கு மீசை முளைத்த நாளிலிருந்து நான் வந்தாலே எழுகிற கைதான். காது வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றது, பிறகு மெதுவாகக் கீழே இறங்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்கு முன்னால் யாரும் முக்காடு போட மாட்டார்கள். பால் கொடுத்த பிள்ளைக்கும் போட வேண்டியதில்லை. நிஜமாகவே பால் கொடுத்திருந்தால் இத்தனை வருஷம் எனக்கு முன்னால் ஏன் போட்டார்கள்? பேச்சைக் கேட்கிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஹஜ்ரத்துக்கு முன்னால் மாமியைப் பொய்க்காரி ஆக்கி உன்னை நான் கட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணம் என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு ஒரு சந்தேகம். போன வருஷம் ஞானஜோதி மேடம் ஆராய்ச்சிக்காக நம் இரண்டு வீட்டிலும் ரத்தம் எடுத்துப்போனார்களே, அதிலிருந்தே மாமி என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. மேடம் ஒரு படம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். காது கேட்காதவர்களுக்குக் கறுப்பு அடித்திருந்தது. நம் குடும்பத்தில் நான் ஒரு கறுப்புச் சதுரம், என் அம்மாவோடும் உன் அத்தாவோடும் பிறந்த சின்ன மாமா இன்னொன்று. ஃபோட்டோவில்கூட நான் அவ்வளவு கறுப்பாக விழுந்ததில்லை.

தாம்பரத்தில் வேலை அப்படியேதான் போகிறது. மாடி அறையில் நாள் முழுக்க வாய்களுக்கு நடுவில் இருக்கிறேன். பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுத்து, அதற்குப் பல் கட்டுகிறேன். அலமாரி முழுக்கத் தாடைகள் வாயைத் திறந்து வைத்திருக்கின்றன, ஒன்றும் பேசுவதில்லை. சாயங்கால வெயில் விழும்போது எல்லாம் சேர்ந்து எதையோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். என் கனவில் எல்லாருக்கும் கையால் பேசத் தெரியும். மவுத்தாகி மறைந்துபோன உன் அத்தா, திருநீர்மலை பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு மாடு எல்லாம் என்னோடு பேசும். உன் கனவில் நான் வந்தால் எப்படிப் பேசுகிறேன்? என் குரல் எப்படி இருக்கிறது?

ஜாகிர்


கேளம்பாக்கம்
16.7.2006

மச்சானுக்கு,

உங்கள் சந்தேகம் சரி. கையைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ என்னவோ. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு அழுதார்கள்.

மேடம் போட்ட படத்தில் உங்கள் அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நடுவில் இரட்டைக் கோடு இருந்ததாம். இது என்ன என்று அம்மா கேட்டார்களாம். சொந்தத்தில் கட்டினால் அப்படித்தான் போடுவோம் என்று மேடம் சொன்னார்களாம். அந்தக் கோட்டுக்குக் கீழே நீங்கள் கறுப்பாக இருந்தீர்கள். நமக்கும் அப்படி ஒரு கோடு விழும் என்று அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "மதினி காலம் பூரா அழுதத நான் கூட இருந்து பாத்தவ. நீயும் அழணுமா?" என்றார்கள். அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே என்றேன். "ரத்தத்துல கோளாறுன்னு சொன்னா ரூக்சாருக்குப் பேசி வச்ச மாப்பிள்ள வருவானா? பால்னு சொன்னா யாருக்கும் கொறை இல்ல" என்றார்கள். யோசித்துத்தான் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு ஞானஜோதி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். மேடம் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். காது கேட்பதற்கு ஒரு ஜீன் இருக்கிறதாம், எல்லாருக்கும் அதில் இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அத்தாவிடமிருந்து ஒன்று. உங்களுக்கு இரண்டும் பழுது. எனக்கு அத்தா கொடுத்தது பழுது, அம்மா கொடுத்தது நல்லது, அதனால் கேட்கிறது. நமக்குப் பிள்ளை பிறந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசு சுண்டுகிற மாதிரி, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுண்ட வேண்டும். கட்டிக்கலாமா வேண்டாமா என்று கேட்டேன். "அதச் சொல்றது என் வேலை இல்லம்மா. இருக்கிறத சொல்றதுதான் என் வேலை" என்றார்கள்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அழுதேன். உங்களிடம் மறைக்க எனக்குத் தெரியாது. நான் நர்சரி டீச்சர், மச்சான். காலையிலிருந்து மதியம் வரை மிஸ், மிஸ் என்று அத்தனை குரல்கள். என் பிள்ளை அம்மா என்று என்னைக் கூப்பிடுவதைச் சின்ன வயதிலிருந்தே கனவில் கேட்டிருக்கிறேன். அது கூப்பிடாமலே போய்விட்டால் என்று பயமாக இருக்கிறது. அம்மா பயந்தது தப்பு என்று சண்டை போட்டுவிட்டு நானும் அதே பயத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

கேட்டீர்களே, என் கனவில் நீங்கள் வாயால்தான் பேசுகிறீர்கள். கொஞ்சம் கட்டைக் குரல், நன்றாக இருக்கிறது. விழித்ததும் மறந்துவிடுகிறது.

ஃபஹீமா


சிட்லபாக்கம்
2.8.2006

அன்புள்ள தங்கை ஃபஹீமாவுக்கு,

பாதி உன்னைப் போல, பாதி என்னைப் போல. எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் அப்படித்தான் பிறக்கின்றன. அதில் என்னைப் போல என்கிற பாதியை நினைத்து நீ பஸ்ஸில் அழுதிருக்கிறாய்.

மாமி பொய் சொன்னபோது எனக்கு வலிக்கவில்லை. நீ உண்மை சொன்னதும் வலிக்கிறது. எனக்கு இருபத்தேழு வயது ஆகிறது. வேலை இருக்கிறது, சினேகிதர்கள் இருக்கிறார்கள், பிரியாணியில் உப்புக் குறைந்தால் கோபம் வருகிறது. என் நாள் எதுவும் இருட்டாக இல்லை. என்னை நினைத்து அழ வேண்டியிருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

உன் கனவில் வருகிற அந்தக் கட்டைக் குரல்காரன் நான் இல்லை. அவனை வேண்டுமானால் கட்டிக்கொள்.

இனி எழுத வேண்டாம்.

ஜாகிர்


கேளம்பாக்கம்
8.10.2006

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதம் எழுதவில்லை. அதற்கு மேல் என்னால் முடியாது, வேண்டுமானால் பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபப்பட்டேன். பயத்தைச் சொன்னதற்கு இவ்வளவா என்று. அப்புறம் ஒரு கோமாளித்தனம் செய்தேன். பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டில் உலாவினேன். உங்களைப் போல் இருந்து பார்க்கலாம் என்று. காது அரித்ததுதான் மிச்சம். பஞ்சு வைத்தால் ஒருவர் ஜாகிர் ஆகிவிட முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் அன்றைக்கு மழைக்கு முந்தின மேகமூட்டம். வீடு மங்கலாக இருந்தது. நோன்பு திறக்க அம்மா விளக்கைப் போட்டார்கள், கரண்ட் விட்டு விட்டு வந்தது, விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது. நான் அடுப்படியில் இருந்து சட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. எதற்கு ஓடினேன் என்று அப்போதுதான் யோசித்தேன்.

சின்ன வயதில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் விளக்கு ஸ்விட்சை இரண்டு தடவை தட்டுவீர்கள். அதுதான் என்னைக் கூப்பிடுவது. மாடியில் இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். தரையைக் காலால் தட்டுவீர்கள், பந்தை எறிவீர்கள், கண்ணாடியில் வெயிலைப் பிடித்து என் புத்தகத்தில் ஆட்டுவீர்கள். என் வாழ்க்கையில் என்னை அதிகம் கூப்பிட்டது நீங்கள்தான். ஒரு தடவையாவது எனக்குக் கேட்காமல் போயிருக்கிறதா? பிள்ளை என்னைக் கூப்பிடாமல் போய்விடுமே என்று உங்களிடமே எழுதியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வேறு கனவு வருகிறது. ஏரிக்கரையில் ஒரு சின்னப் பிள்ளை. முகம் தெரியவில்லை. கையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துக்கொண்டு என் மேல் வெயிலை ஆட்டுகிறது. சத்தமே இல்லை. நான் அதை நோக்கி நடக்கிறேன், நடந்துகொண்டே இருக்கிறேன். விழிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

அம்மா போன வாரம் ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் இரண்டு உடைந்துவிட்டன. இங்கே டாக்டர் அச்சு எடுத்திருக்கிறார். பெருநாளைக்குள் பல் வந்துவிடும் என்கிறார். அதுவரை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

ஃபஹீமா


சிட்லபாக்கம்
26.10.2006

ஃபஹீமா,

பெருநாள் வாழ்த்துகள். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

உன் கடிதம் வந்த வாரமே கேளம்பாக்கம் டாக்டரிடமிருந்து ஓர் அச்சும் வந்தது. பேர் கிடையாது, நம்பர் மட்டும். பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்தேன். கையில் எடுத்த உடனே யார் என்று தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்துப் படித்த வாய் அது. என் அம்மாவுக்கு அடுத்து நான் அதிகம் புரிந்துகொண்ட உதடு மாமியுடையதுதான். எனக்காக மெதுவாகப் பேசுவார்கள். அலமாரியில் வைக்க மனசு வரவில்லை, மேசையிலேயே வைத்துக்கொண்டேன். உன் மேல் இருந்த கோபம் முழுக்க ஆறாத அந்த நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். பொய் சொன்ன வாய் என்று நினைத்துப் பார்த்தேன், கோபம் வரவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்ட வாயும் அதுதானே.

டாக்டர் சீட்டில் இரண்டு பல்லும் வரிசையாக வேண்டும் என்று எழுதியிருந்தது. மாமியின் இடது முன்பல் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும், உனக்குத் தெரியும். நான் அப்படியே ஏற்றித்தான் கட்டினேன். நேராகக் கட்டினால் மாமி பேசுவது எனக்கு வேறு யாரோ பேசுவது போல் ஆகிவிடும். டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

ரூக்சார் நிக்காஹ் நவம்பர் பன்னிரண்டு, குரோம்பேட்டையில். வருவாய் என்று தெரியும். தங்கை என்று எழுதியதை அடித்துவிடு.

ஜாகிர்


கேளம்பாக்கம்
4.11.2006

மச்சானுக்கு,

பல் வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இது எம் பல்லுதான்" என்றார்கள். டாக்டர் சங்கடப்பட்டு, கோணலாக வந்துவிட்டது, திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். யார் செய்தது என்று அம்மா கேட்டார்கள். தாம்பரத்தில் காது கேட்காத ஒரு பையன், நல்ல கை, இந்தத் தடவை ஏன் இப்படிச் செய்தான் என்று தெரியவில்லை என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, உப்பளம் பக்கம் திரும்புகிற இடத்தில் அம்மா நின்றார்கள். "நான் அவன் மூஞ்சியவே பாக்காம இருந்தேன். அவன் என் பல்லு வரைக்கும் பாத்து வச்சிருக்கான்" என்றார்கள். நான் அப்போதுதான் என் ரத்தத்தில் இருப்பதையும், பாதிக்குப் பாதி என்று மேடம் சொன்னதையும் சொன்னேன். அம்மா கணக்கு எதுவும் கேட்கவில்லை. "அவன மாதிரி ஒண்ணு பொறந்தா அது இவனாட்டம் பாக்குமா?" என்று மட்டும் கேட்டார்கள். பார்க்கும் என்றேன். "அப்ப நான் எதுக்குப் பயந்தேன்?" என்றார்கள்.

ஆனால் ஹஜ்ரத்துக்கு முன்னால் சொன்ன சொல் அப்படியே நிற்கிறது. அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதுவும் ரூக்சார் நிக்காஹ் முடிகிறவரை வாயைத் திறக்கவே மாட்டார்கள். நான் கெஞ்சப்போவதில்லை. நீங்களும் ஒன்றும் கேட்காதீர்கள். என் மனசு தெளிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். காசு எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குச் சம்மதம்.

ஃபஹீமா


சிட்லபாக்கம்
13.11.2006

ஃபஹீமா,

நேற்று உன்னோடு பேசுவதற்குள் உங்கள் வேன் கிளம்பிவிட்டது. நீ பெண்கள் பக்கத்தில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாய். ஆண்கள் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. முன்பு நான் கேட்காததை நீ எழுதினாய், இப்போது நீ பார்க்காததை நான் எழுதுகிறேன்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அத்தாவும் ஹஜ்ரத்தும் வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல மழை. மாமி ரூக்சாருக்குக் கொண்டுவந்த புடவைப் பையோடு அத்தாவிடம் வந்தார்கள். தலையில் முக்காடு பாதி சரிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து நான் சர்பத் தட்டோடு போனேன். வேண்டுமென்றே போகவில்லை, நம்பு.

மாமி என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நேராக, கண்ணைப் பார்த்தார்கள். வலது கை எழுந்தது. காது வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. ஜூன் மாதம் பார்த்த அதே கை, அதே இடம். மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது, யார் வாயும் அசையவில்லை, எல்லாம் தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்தக் கை மேலே போனது. முக்காட்டைப் பிடித்து நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டார்கள். ஹஜ்ரத் பார்க்க, அத்தா பார்க்க, நன்றாக இழுத்துவிட்டார்கள்.

ஹஜ்ரத் அத்தா பக்கம் திரும்பினார். தாடி மறைத்தாலும் உதட்டைப் படித்துவிட்டேன். "பால் குடுத்த புள்ளைக்கு முன்னால யாரும் முக்காடு போட மாட்டாங்களே, காஜா பாய்" என்றார். மாமி அவரிடம் சொன்னார்கள்: "எனக்கு ஞாபகம் பிசகிடுச்சு, ஹஜ்ரத். அது வேற யாரோ வூட்டுப் புள்ள. வயசாச்சு, அல்லாஹ் மன்னிக்கணும்." ஹஜ்ரத் மாமியையும் என்னையும் பார்த்தார். பிறகு சர்பத்தை எடுத்துக் குடித்தார். "மன்னிப்பான்" என்றார். முதல் பொய்க்கு மேல் இரண்டாவது பொய். ஆனால் இதைச் சொல்லும்போது அந்த ஏறின பல் பளிச்சென்று தெரிந்தது. ஒரு எழுத்துக்கூட எனக்குத் தப்பவில்லை.

அத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமி என்னிடம் மெதுவாக, பழையபடி, "சாப்ட்டியா?" என்று கேட்டார்கள். நான் சாப்பிடவில்லை என்று தலையை ஆட்டினேன். சாப்பாடு எப்படி இறங்கும்?

உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நான் வர முடியாது. வாசல் சுவரில் வரிசையாக ஸ்விட்ச்கள் இருந்தன. எது பெண்கள் பக்கத்துக்கு என்று தெரியாமல் இரண்டைத் தட்டிப் பார்த்தேன், மூன்றாவது சரியாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பக்கம் விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்ததே, மழைக்குக் கரண்ட் போய் வந்தது என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நீ மட்டும் எழுந்து திரைப் பக்கம் ஓடி வந்ததாக ரூக்சார் சொல்கிறாள்.

ஜாகிர்